திங்கட்கிழமை வராதீர்கள்

நம் பழைய மாணவர் சங்கத்தின் 25ஆவது ஆண்டு ஒன்றுகூடலுக்கு லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து வருகிறவர்கள் சூரிச்சில் என்ன பார்க்கலாம் என்று எழுதச் சொன்னது மலர்க் குழு. றைன் நீர்வீழ்ச்சியையும் தித்லிஸ் மலையையும் எப்படியும் சொந்தக்காரர் காட்டிவிடுவார்கள். நான் நகரத்துக்குள்ளேயே நிற்கிறேன். ஆனால் நமக்குப் படிப்பித்த சித்திர மாஸ்டர் காலமான செய்தி வந்த நாளிலிருந்து கை வேறு பக்கம் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிக்கெட். ட்ராமில் ஏறுமுன் தரிப்பிடத்து மெஷினில் எடுத்துவிட வேண்டும். நகரம் 110ஆம் வலயம். நாள் டிக்கெட் 24 மணி நேரம் செல்லும். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். தெருவோரம் 1,200க்கு மேல் நீரூற்றுகள் இருக்கின்றன, குடிக்கலாம்.

ஃப்ராவ்முன்ஸ்டர் தேவாலயத்துக்குக் காலையிலேயே போங்கள். ஓவியர் மார்க் ஷகாலின் ஐந்து கண்ணாடிச் சன்னல்கள், 1970இல் வைத்தவை, கிழக்குப் பக்கம் இருக்கின்றன. பின்னாலிருந்து வெயில் பட்டால்தான் அந்த நீலம் நீலம். மார்கழியில் நாலரைக்கே இருட்டிவிடும். பிறகு கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயக் கோடுகள்தான் மிச்சம். ஞாயிறு காலை ஆராதனை, அதைத் தவிருங்கள். பாலத்தைக் கடந்தால் க்ரோஸ்முன்ஸ்டர். சமயச் சீர்திருத்தவாதி ஸ்விங்லி போதித்த அந்தக் கோயிலிலிருந்து 1524இல் சிலை, ஓவியம் எல்லாவற்றையும் அகற்றினார்கள். 2009இல் ஓவியர் சிக்மார் போல்க்க செய்த 12 சன்னல்களில் 7 கண்ணாடியே இல்லை, மெல்லியதாகச் சீவிய அகேட் கல். கிட்டப் போய்ப் பாருங்கள்: வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல வளையத்துக்குள் வளையம். ஷகாலை விட எனக்கு இதுதான் பிடிக்கும். மாஸ்டரும் சூரிச்சுக்கு வந்திருந்தபோது இதன் முன்னால்தான் கனநேரம் நின்றார்.

குன்ஸ்ட்ஹவுஸ் என்ற கலைக்கூடத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். சிற்பி அல்பெர்ட்டோ ஜியாகொமெட்டியின் மெலிந்த உருவங்கள் அங்கே. தேசிய அருங்காட்சியகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, கடைசி நாளுக்கு வசதி.

நம்மவர்கள் தவறவிடுவது றீட்பெர்க் அருங்காட்சியகம். பரடேபிளாட்சில் 7ஆம் இலக்க ட்ராம், வோலிஸ்ஹோஃபன் பக்கம் போவது. தரிப்பிடத்தின் பெயரே மியூசியம் றீட்பெர்க். இறங்கிக் கொஞ்சம் மேடேற வேண்டும். எடுவார்ட் ஃபொன் டெர் ஹைட் நகரத்துக்குக் கொடுத்த சேகரிப்பை வைத்து 1952இல் திறந்தது. அங்கே தமிழ்நாட்டிலிருந்து வந்த 12ஆம் நூற்றாண்டுச் சோழர் கால நடராசர், வெண்கலம்.

எட்டாம் வகுப்பு நவராத்திரிக்கு நான் கீறிய நடராசர் வலது காலைத் தூக்கிவிட்டார். "தேவாரம் மட்டும் தொண்டை கிழியப் பாடுறாய், எந்தக் கால் எண்டு பார்க்கேல்லையோ?" மணி அடிக்கும்வரை மாஸ்டர் என்னை வாங்கில் ஏற்றி, நான் கீறினபடியே நிற்க வைத்தார். "வலதுகாலன்" என்ற பட்டம் உங்களில் சிலருக்கு மறந்திருக்காது. ஆனால் இன்றைக்கும் உணவகத்துக்கு வரும் ஒரு பொருளை இரண்டாவது தடவை பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

மாஸ்டர் இங்கே தன் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது எனக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு, திங்கள். உணவகக் குசினிக்காரனுக்குத் திங்கள் லீவு. இங்கே அருங்காட்சியகங்களுக்கும் அதே திங்கள்தான். குன்ஸ்ட்ஹவுஸ், தேசிய அருங்காட்சியகம், றீட்பெர்க் மூன்றும் பூட்டு. அது எனக்கு வாசலில்தான் தெரிந்தது.

றீட்பெர்க்கைச் சுற்றியுள்ள பூங்காவுக்குப் பூட்டில்லை. வாங்கில் இருந்தோம். மரங்களைப் பார்த்தபடி கேட்டார், "உள்ளே இருக்கிற நடராசர் எந்தக் காலடா தூக்கியிருக்கு?"

"இடது, சேர்."

"பார்த்தனியோ?"

இல்லை என்றேன். இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். சிரித்தார். அடுத்த நாள் அவருக்கு விமானம்.

புதன்கிழமைகளில் றீட்பெர்க் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். போன மாதம் பின்னேர வேலையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனேன். நுழைவு கண்ணாடி மண்டபத்தால். முதுகுப்பையை லொக்கரில் வைத்துவிட்டு, நடராசர் இருக்கும் பழைய மாளிகையான வில்லாவுக்குள் போங்கள். வலது கால் முயலகன் மேல். தூக்கியிருப்பது இடது.