மாமாவின் தட்டு

போன மாதம் ரத்த தானம் செய்த மாமாவை ரத்த வங்கியிலிருந்து போனில் கூப்பிட்டார்கள். ஹெபடைடிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் வைரஸ், பாசிட்டிவ். கண்ணில் மஞ்சள் இல்லை, சோர்வு இல்லை, முதல் நாள் ராத்திரிகூட ஆறு இட்லி சாப்பிட்டவர்.

அத்தை உடனே தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அதற்குத் தேவையே இல்லை. சாப்பாட்டில் இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு என்றுதான் போகும். தனியாக வைக்க வேண்டியது ஷேவிங் ரேசரையும் டூத் பிரஷையும், ஏனென்றால் இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கும்.

பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உடம்பே விரட்டிவிடுமாம், பச்சைக் குழந்தைக்குத் தொற்றினால் 90 சதவீதம் பேருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடுமாம், அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடுகிறார்கள். மாமா பிறந்த காலத்தில் அந்தத் தடுப்பூசியே கிடையாது.

அப்புறம் கீழாநெல்லி. பக்கத்து வீட்டு அக்கா ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். 1988இல் சென்னையில் நடந்த ஒரு சிறிய ஆய்வு கீழாநெல்லி பலன் தருவதாகச் சொன்னது உண்மைதான், ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. வைரஸின் டிஎன்ஏ கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. இதற்கு டாக்டர்கள் கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரைகூட அதை அடக்கி வைக்குமே தவிர, முழுசாகத் துடைத்து எடுப்பது அபூர்வம்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் நெகட்டிவ். தடுப்பூசி முதல் ஊசி போட்டாயிற்று. தட்டு மட்டும் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.