கடல் விலகிய தெருவில் ஒரு காலை

நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறுவதற்கு முன்னால், ஆத்தா மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து அம்மாவின் பாவாடை நாடாவில் கட்டிவிட்டாராம். "நாகூர் ஆண்டவரே, பிள்ளையைக் கரை சேர்த்துடு." அம்மாவுக்கு அப்போது 11 வயது. வழியெல்லாம் வாந்தி. சிங்கப்பூரில் இறங்கியதும் அந்தக் காசைக் கொண்டுபோய்ச் செலுத்திய இடம் தெலுக் ஆயர் தெரு நாகூர் தர்கா. எங்களுக்குக் குலதெய்வம் மாரியம்மன். ஆனால் கப்பல் ஏறுகிறவர்களுக்கு நாகூர் ஆண்டவர்தான் துணை, எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் மதம் பார்ப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மறுபடி அங்கே கூட்டிப்போனேன்.

எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கமும் அலுவலகக் கோபுரங்கள். 1879இல் கடலைத் தூர்க்கத் தொடங்கும்வரை இந்தத் தெருதான் கரை. வந்திறங்கியவர்கள், உயிரோடு சேர்த்த தெய்வத்துக்குக் கரையிலேயே நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை வழிபாட்டு இடங்கள் ஒரே தெருவில்.

தர்காவை 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். நாகூர் ஆண்டவர் என்கிற சாகுல் ஹமீது நாயகத்தின் அடக்கத்தலம் நாகூரில். இது அவர் நினைவாக எழுப்பியது. கீழே மேல்நாட்டுப் பாணித் தூண்கள், மேலே பொம்மை அரண்மனைபோல் சின்னச் சின்ன வளைவுகள், இரண்டு மூலையிலும் மினாராக்கள். 2011இலிருந்து இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. அம்மா எதையும் வாசிக்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

சில அடி தள்ளி தியான் ஹொக் கெங். ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வம் மாசுவுக்கு 1839இல் தொடங்கி 1842இல் முடித்த கோயில். நிலைப்படி நல்ல உயரம். அம்மா யாரும் சொல்லாமலே சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, படியை மிதிக்காமல் தாண்டினார். "நம்ம வீட்டு வாசப்படி மாதிரிதானே" என்றார். சீனர்களும் மிதிப்பதில்லை. உள்ளே ஊதுபத்திப் புகையில் மாசுவைப் பார்த்ததும் கை தானாகக் குவிந்தது.

அதே வரிசையில் 1827இல் குடிசையாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசல். குச்சுப் பள்ளி என்று நம்மவர்கள் வைத்த பெயரே எனக்கு மிகப் பிடிக்கும்.

அப்புறம் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தோம். வழியில் அம்மாவிடம் நாராயண பிள்ளை கதையைச் சொன்னேன். 1819இல் பினாங்கிலிருந்து, சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுடன் வந்தவர். கோயில் கட்ட அவருக்கு முதலில் கிடைத்த இடம் இதே தெலுக் ஆயர் தெருவில்தான். ஆனால் பூசைக்கு நல்ல தண்ணீர் இல்லை. இத்தனைக்கும் தெலுக் ஆயர் என்றால் மலாயில் தண்ணீர் வளைகுடா! கடைசியில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் அமைந்தது. 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எழுப்பி, சின்ன அம்மனை வைத்தார். அந்தச் சின்ன அம்மன் இன்றும் கருவறையில் இருக்கிறாள்.

கோபுர வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயடிக்குப் போனோம். அம்மா குழாயைத் திறந்து, உடனே காலை நீட்டவில்லை. தண்ணீரைக் கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் காலைக் கழுவினார்.