தலையைத் தூக்கிக் காட்டினால் போதாது: தசைத் தளர்த்தி மருந்தும் ரிகவரி அறையும்

அறுவை சிகிச்சை முடிந்து, மூச்சுக்குழாயில் போட்ட டியூபை எடுக்கும் நேரத்தில் நோயாளியைத் தலையை ஐந்து நொடி தூக்கிப் பிடிக்கச் சொல்வது பழைய வழக்கம். கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வது இன்னொன்று. இரண்டையும் செய்துவிட்டால், அறுவைக்காகத் தசைகளைத் தளரவைத்த தசைத் தளர்த்தி மருந்து போய்விட்டது என்று முடிவு கட்டுகிறோம். அந்த முடிவு தவறு. தசை எவ்வளவு மீண்டிருக்கிறது என்று காட்டும் டி.ஓ.எஃப் (ட்ரெய்ன் ஆஃப் ஃபோர்) விகிதம் 0.5, 0.6 இருக்கும்போதே பலரால் தலையைத் தூக்கிவிட முடியும். டியூப் எடுக்க அது குறைந்தது 0.9 ஆக இருக்க வேண்டும். அறுவைக்குப் பின் நோயாளியை வைத்துக் கவனிக்கும் ரிகவரி அறையில் நடக்கும் மூச்சுக் கோளாறுகளில் கணிசமானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

டி.ஓ.எஃப் முறையை அலி, அட்டிங், கிரே ஆகியோர் 1970-இல் விவரித்தார்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்னார் நரம்பின் மேல் அரை நொடிக்கு ஒன்றாக நான்கு மின்தூண்டல்கள் கொடுக்க வேண்டும். கட்டைவிரல் நான்கு முறை துடிக்கும். நான்காவது துடிப்பின் வலுவை முதல் துடிப்பின் வலுவால் வகுத்தால் கிடைப்பதே விகிதம். மருந்து மிச்சமிருந்தால் துடிப்பு ஒன்றுக்கொன்று சோர்ந்துகொண்டே வரும். சிக்கல் என்னவென்றால், விகிதம் 0.4-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சோர்வு கண்ணுக்கும் தெரியாது, விரலை வைத்துப் பார்த்தாலும் தெரியாது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இதுதான் நிலை. 0.4-க்கும் 0.9-க்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல, எண்ணைத் திரையில் காட்டும் கருவியால் மட்டுமே முடியும்.

முன்பெல்லாம் 0.7 போதும் என்றிருந்தது. அதை 0.9-க்கு உயர்த்தியதில் 1990-களில் ஸ்வீடனில் லார்ஸ் எரிக்சன் குழு செய்த ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. விழித்திருக்கும் தன்னார்வலர்களுக்கு வெக்குரோனியம் என்ற தசைத் தளர்த்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். விகிதம் 0.9-க்குக் கீழே இருக்கும்வரை தொண்டைத் தசைகள் ஒருங்கிணைந்து வேலை செய்யவில்லை, விழுங்குவது மூச்சுக்குழாய்ப் பக்கம் வழிதவறியது. ஆக்ஸிஜன் குறையும்போது மூச்சை வேகப்படுத்த வேண்டிய அனிச்சையும் 0.7 அளவில் மந்தமாகிவிட்டது. கழுத்தில் உள்ள கரோட்டிட் உறுப்பிலும் இம்மருந்துகள் தடுக்கும் வகையைச் சேர்ந்த ஏற்பிகள் இருப்பதே இதற்குக் காரணம். உதரவிதானமோ சீக்கிரமே மீண்டுவிடும். அதனால் வென்டிலேட்டர் திரையில் மூச்சின் அளவு அழகாகத் தெரியும், டியூபை எடுத்தவுடன் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

'ஒரே ஒரு டோஸ்தானே, இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதே' என்பது அடிக்கடி கேட்கும் வாதம். 2003-இல் டெபென் குழு வெளியிட்ட ஆய்வில், டியூப் போட ஒரே ஒரு முறை மருந்து வாங்கி, ரிவர்சல் (தளர்த்தியை முறிக்கும் மருந்து) பெறாத 526 பேரை ரிகவரி அறையில் அளந்தார்கள். 45 சதவீதம் பேருக்கு விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தது. இரண்டு மணி நேரம் கடந்தவர்களிலும் 37 சதவீதம் பேருக்கு அப்படியே. ஒருவருக்கு 30 நிமிடத்தில் விலகும் மருந்து இன்னொருவருக்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் நிற்கும். உடல் வெப்பம் 2 டிகிரி குறைந்தாலே வெக்குரோனியத்தின் வேலை நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். மெக்னீசியம், ஜென்டமைசின் வகை ஆன்டிபயாடிக்குகள், செவோஃப்ளூரேன் போன்ற வாயுக்கள், முதுமை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் அதை நீட்டும். கடிகாரத்தை நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

அளவீட்டைச் சரியாகச் செய்வது எப்படி? மணிக்கட்டுத் தோலை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு எலக்ட்ரோடு ஒட்டினால் மின்னோட்டம் சரியாகப் போகாது. கறுப்பு எலக்ட்ரோடு மணிக்கட்டு மடிப்புக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் பக்கம். மற்றொன்று அதற்கு 3 முதல் 6 சென்டிமீட்டர் மேலே, முழங்கைப் பக்கமாக. நோயாளி தூங்கிய பிறகு, தசைத் தளர்த்தி கொடுப்பதற்கு முன்பு, கருவியை அளவுதிருத்தம் செய்ய வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் படிதான். துடிப்பின் முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானிக் கருவிகள் மருந்தே இல்லாத கையில்கூட 1.1, 1.2 என்று காட்டும். தொடக்க எண் 1.2 என்றால், முடிவில் வரும் 0.9 உண்மையில் 0.75தான். தொடக்க எண்ணைக் குறித்து வைக்காதவர் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. கட்டைவிரல் தடையின்றி அசைய வேண்டும். கையை உடலோடு சேர்த்துக் கட்டும் அறுவைகளில் தசையின் மின்சைகையை அளக்கும் கருவியே மேலானது. கை குளிர்ந்திருந்தாலும் அளவீடு கெடும், உள்ளங்கைத் தோல் 32 டிகிரிக்கு மேல் இருக்கட்டும்.

கை எட்டவில்லை என்று புருவத்தில் தூண்டிப் பார்ப்பவர்கள் உண்டு. புருவத் தசை கட்டைவிரலுக்கு முன்பே மீண்டுவிடும். போதாக்குறைக்கு, மின்சாரம் நரம்பை விட்டுத் தசையையே நேராகத் துடிக்கவைத்து ஏமாற்றும். அறுவை முடியும் தறுவாயிலாவது மணிக்கட்டுக்கு மாறிவிடுங்கள். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

இனி ரிவர்சல். நியோஸ்டிக்மின் மறைமுகமாக வேலை செய்கிறது. நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். நொதி முழுவதும் தடுக்கப்பட்ட பிறகு மேலும் ஊற்றுவதால் பயனில்லை. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.04 முதல் 0.05 மில்லிகிராம், உச்ச வரம்பு 0.07 அல்லது மொத்தம் 5 மில்லிகிராம். ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 0.2 மில்லிகிராம் கிளைக்கோபைரோலேட் சேர்க்காவிட்டால் இதயத் துடிப்பு விழும். உச்ச வேலைக்கு 7 முதல் 10 நிமிடம் ஆகும். நான்கு துடிப்பும் திரும்பி வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டு அடுத்த நிமிடம் டியூபை எடுப்பதுதான் நான் மிகவும் அஞ்சும் பழக்கம். 'ரிவர்ஸ் பண்ணியாச்சு' என்ற சொல் எல்லோரையும் அமைதிப்படுத்திவிடுகிறது, மருந்தோ இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது.

இன்னொரு ரிவர்சல் மருந்தான சுகமாடெக்ஸ், ரோகுரோனியம், வெக்குரோனியம் ஆகிய தளர்த்திகளின் மூலக்கூறுகளையே வளைத்துப் பிடித்துவிடும். இரண்டு துடிப்பு வந்தபின் கிலோவுக்கு 2 மில்லிகிராம், அதற்கும் ஆழமான தடுப்பில் 4, டியூப் போட முடியாத அவசரத்தில் 16. வேறு வகைத் தளர்த்திகளான அட்ராகூரியத்துக்கும் சிஸ்அட்ராகூரியத்துக்கும் இது எந்த வேலையும் செய்யாது. அளவைக் குறைத்துச் சிக்கனம் பிடித்தால் முதலில் நன்றாக மீண்டு, பிறகு மறுபடி தளரும் ஆபத்து உண்டு. 2020-இல் வந்த ஸ்ட்ராங்கர் ஆய்வில் சுகமாடெக்ஸ் பெற்றவர்களுக்கு நுரையீரல் சிக்கல்கள் நியோஸ்டிக்மினைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. ஆனால் அது பதிவேடுகளை ஒப்பிட்ட ஆய்வு, சீட்டுக் குலுக்கிப் பிரித்ததல்ல. 2019-இல் ஐரோப்பாவில் 22,803 பேரை வைத்து நடந்த பாப்புலர் ஆய்வில், மானிட்டர் வைத்ததாலும் ரிவர்சல் கொடுத்ததாலும் சிக்கல் குறைந்ததாகத் தெரியவில்லை. இதைக் காட்டி அளவீடே வீண் என்பவர்களை நான் ஏற்கவில்லை. அதே தரவை மறுபடி அலசியபோது, 0.9-க்குப் பதில் 0.95-ஐத் தாண்டியபின் டியூப் எடுத்தவர்களுக்குச் சிக்கல் குறைவாக இருந்தது. மானிட்டர் இருப்பது வேறு, அது காட்டும் எண்ணுக்காகக் காத்திருப்பது வேறு.

ரிகவரி அறைச் செவிலியர்களுக்கு ஒன்று. கரையில் போட்ட மீன் போல உடலைத் துள்ளியும், கண் இமையை முழுதும் தூக்க முடியாமலும், இரும வலுவில்லாமலும் ஒருவர் தவித்தால் அது வலி அல்லது பயம் என்று தோன்றும். வலி மருந்தான மார்ஃபினோ தூக்க மருந்தான மிடசோலமோ கொடுக்க மனம் போகும். கொடுக்காதீர்கள், முதலில் மயக்க மருந்து நிபுணரைக் கூப்பிடுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, தாடையை முன்னே தூக்கி, தேவைப்பட்டால் பை-மாஸ்க்கால் மூச்சுக் கொடுங்கள். ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது சாச்சுரேஷன் (ரத்த ஆக்ஸிஜன் அளவு) 98 என்று காட்டுவதை வைத்து நிம்மதி கொள்ள வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை அது காட்டாது. டி.ஓ.எஃப் அளந்து பார்ப்பதானால், விழித்திருப்பவருக்கு 50 மில்லியாம்பியர் தூண்டல் நன்றாக வலிக்கும், 30-க்குள் வைத்துப் பாருங்கள். திரும்ப டியூப் போட வேண்டி வந்தால் அவர் முழு நினைவோடு இருக்கிறார் என்பதை மறக்காமல் தூக்க மருந்து கொடுத்தே போட வேண்டும்.

கேனுலாவில் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் போட்ட சிறு குழலில்) தேங்கி நிற்கும் மருந்தும் ஒரு கண்ணி. அதோடு இணைக்கும் எக்ஸ்டென்ஷன் டியூபிலும் த்ரீ-வே திருகிலும் மிஞ்சிய சில சொட்டு ரோகுரோனியம், வார்டில் ஆன்டிபயாடிக் போடும்போது உள்ளே தள்ளப்பட்டு மூச்சையே நிறுத்திய சம்பவங்கள் பதிவாகியுள்ளன. அறுவை அறையை விட்டுக் கிளம்பும் முன் எல்லா லைனையும் சலைன் விட்டுக் கழுவி, கழுவியதை வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அதோடு எந்தத் தளர்த்தி, கடைசி டோஸ் எப்போது, ரிவர்சல் எவ்வளவு, டியூப் எடுத்தபோது விகிதம் என்ன என்பதும் தாளில் இருக்கட்டும். சுகமாடெக்ஸ் பெற்ற பெண் கருத்தடை மாத்திரை எடுப்பவரானால், அடுத்த 7 நாட்களுக்கு ஹார்மோன் இல்லாத வேறு முறையும் தேவை என்பதை எழுதிக் கொடுங்கள். அரைத்தூக்கத்தில் சொன்னது அவர் நினைவில் நிற்காது.