எலி வளையும் உடும்பு வளையும்

நெல் அறுத்த கழனியில் எலி பிடிக்க வருகிற இருளர் அக்காவோடு போன வாரம் ஒரு காலை முழுக்க நின்றிருந்தேன். பரதராமியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் எங்கள் வரப்பு. ஏழெட்டு வளை இருந்தது, எல்லாவற்றையும் அவர் தோண்டவில்லை. "இதுல ராத்திரி தள்ளுன மண்ணு ஈரமா கீது தம்பி, மத்ததெல்லாம் பழசு" என்றவர், பக்கத்து வாய்களைச் சேற்றால் அடைத்துவிட்டு, கடப்பாரையால் வரப்பைத் தட்டிக்கொண்டே நகர்ந்து, சத்தம் பொத்தென்று மாறிய இடத்தில் குத்தினார். இரண்டு எலி. அப்புறம் எலி சேர்த்து வைத்திருந்த கதிர், அரை முறம்.

மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் மார்ட்டு பழங்குடிப் பெண்கள் உடும்பு பிடிப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். குளிர்காலத்தில் உடும்பு வளைக்குள் முடங்கிக் கிடக்கும், மேலே முள்ளு முள்ளாக ஸ்பினிஃபெக்ஸ் புல் மூடியிருப்பதால் வளை கண்ணுக்குத் தெரியாது. அதனால் காற்றுப் பார்த்து ஒரு துண்டு நிலத்துக்கு மட்டும் தீ வைத்து, கருகிய தரையில் நடந்து, புதிதாகத் தெரிகிற வளைக்குப் பக்கத்தில் கோலால் குத்திக் குத்தி உள்ளே எங்கே பொந்து ஓடுகிறது என்று பார்த்துத் தோண்டுகிறார்கள். அந்தக் கோலுக்கு வனா என்று பெயர். ஆண்கள் கங்காரு தேடிப் போய்ப் பல நாள் வெறுங்கையோடு திரும்புவார்கள், அன்றைக்கும் அடுப்புக்கு ஏதாவது கொண்டுவருவது இந்தக் கோல்தான்.

எரிந்த இடத்தில் மழைக்குப் பிறகு காட்டுத் தக்காளியும், மாவரைக்க விதை தரும் புல்லும் முளைக்கும். 1960-களில் அந்த மக்கள் பாலைவனத்தை விட்டு வெளியே கொண்டுவரப்பட்டார்கள், 1964-இல் ராக்கெட் சோதனைக்காகவும் சிலரை அப்புறப்படுத்தினார்கள். சிறு தீ நின்றுபோனதும் மின்னல் வைத்த பெருந்தீ ஒரே வீச்சில் பெரும்பரப்பைத் தின்றது, சின்னப் பிராணிகள் குறைந்தன. 1980-களில் அவர்கள் திரும்பி வந்து மறுபடி வேட்டையாடுகிற பக்கங்களில் உடும்பு குறையவில்லை, கூடுதலாகவே இருக்கிறது.

இதையெல்லாம் பஞ்சத்துச் சாப்பாடு என்று எங்கள் பக்கம் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இதே தொண்டை நாட்டில் எயிற்றியர் என்ற வேட்டுவப் பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பைக் கிளறிப் புல்லரிசி எடுத்ததைப் பெரும்பாணாற்றுப்படை எவ்வளவு மதிப்போடு பாடுகிறது! மண்ணைப் பார்த்த மாத்திரத்தில் நேற்று ராத்திரி நடந்ததைச் சொல்கிற கண், வருஷக்கணக்கில் அம்மா பின்னால் நடந்து வந்தது.

மார்ட்டு பெண் ஒருவர் தோண்டுகிற படத்தை அக்காவிடம் போனில் காட்டினேன். இப்போது அங்கேயும் மரக்கோலுக்குப் பதில் இரும்புதான். "நம்ம கடப்பாரை" என்றார் உடனே. உடும்பைப் பார்த்ததும் சிரித்தார், இங்கே அதைத் தொட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயில். பிறகு படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, வளை வாயை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவ இன்னும் ரெண்டடி தள்ளிக் குத்தச் சொல்லு தம்பி. இது வளையுது பாரு."