இழுக்கும், தாங்குமா?

அமெரிக்காவில் ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு (பிக்கப்போட பின் தொட்டியில மாட்டி இழுக்கிற பெரிய டிரெய்லர்) பிக்கப் தேடுறவங்க முதல்ல பார்க்கிறது விளம்பரத்துல இருக்கிற டோயிங் எண்ணை, அதாவது எவ்வளவு எடையை இழுக்கும்ங்கிறதை. அதை ஓரமா வைங்க. டிரைவர் கதவைத் திறந்தா, தூண்ல மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு அதுல போட்டிருக்கும். வண்டி மேல ஏத்தக்கூடிய அந்த எடை, அதாவது பேலோடுதான் கணக்கு.

டிரெய்லரோட உச்ச எடை 12,000 பவுண்டுன்னா, டிரெய்லர் முன்பக்கம் கீழே இருக்கிற இணைப்பு முளையான கிங்பின் வழியா சுமார் 22 சதவீதம், அதாவது 2,640 பவுண்டு, நேரா பெட்ல (பிக்கப்போட பின் தொட்டியில) உட்காரும். கிங்பின்னைப் பிடிக்கிற ஹிட்ச் 180, ஆட்களும் சாமானும் 700. மொத்தம் 3,520. ஹாஃப்-டன் வண்டி, அதாவது சின்ன வகை பிக்கப், பெரும்பாலும் இதுல பாதியைச் சுத்திதான் தாங்கும். அதுக்கு அடுத்த வகையான முக்கால் டன் டீசலும் பெரும்பாலும் தேறாது. இன்ஜின் எடையே பேலோடைத் தின்னுடும். ஒரு டன் வகையான 350, 3500 மாடல்களுக்குப் போங்க. பின் சஸ்பென்ஷன்ல ஏர் பேக் (காத்துப் பை) மாட்டினா பின்பக்கம் நிமிரும், ஸ்டிக்கர் எண் மாறாது.

பெட் 8 அடின்னா நிம்மதி. ஆறரை அடின்னா பின்னால நகர்ற ஸ்லைடர் ஹிட்ச் பாருங்க, இல்லேன்னா இறுக்கமா திருப்பும்போது டிரெய்லர் மூக்கு கேபின் பின்கண்ணாடியில இடிக்கலாம். பெட் சுவருக்கும் டிரெய்லர் அடிப்பக்கத்துக்கும் நடுவுல ஆறு அங்குலமாவது விடுங்க.