படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்த பிறகுதான் தூக்கம் வந்தது

என் மாமனார் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்த காலத்தில், ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டரை மணி முறை என் கணவருடையது, இரண்டரை மணி முறை என்னுடையது. மாமா காலமாகி வருஷ திவசமும் முடிந்துவிட்டது. எனக்கு அந்த இரண்டரை மணி முழிப்பு மட்டும் போகவே இல்லை. முழித்தால் விடிகிற வரைக்கும் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். சில நாள் படுத்ததும் தூக்கம் வராது, அப்படியே வந்தாலும் இரண்டரைக்குப் போய்விடும்.

வாரத்தில் மூன்று இரவாவது இப்படி ஆகி, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பகல் வேலையையும் கெடுத்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனக்கு வருஷக் கணக்கில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி மறந்துபோகும். சாயங்காலம் ஆனாலே இன்றைக்கு ராத்திரி எப்படிப் போகுமோ என்று வயிற்றைக் கலக்கும்.

வீட்டு வைத்தியம் எல்லாம் நடந்தது. ஜாதிக்காயை இழைத்துப் பாலில் கலந்து குடித்தேன், கசகசாப் பால் குடித்தேன், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தேன், அமுக்கராச் சூரணமும் சாப்பிட்டேன். அம்மா ஊரிலிருந்து வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டு, “கண்ணை மூடிப் படுத்துக் கிடந்தாலே பாதித் தூக்கம்டி, எழுந்திருக்காதே” என்பாள். அவள் தலையைத் தடவிவிடும்போது இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டரைக்கு முழிப்பு வந்தது.

அப்புறம் மாத்திரை. பக்கத்துத் தெரு டாக்டர் அல்ப்ரஸோலாம் 0.25 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார், கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லித்தான் கொடுத்தார். முதலில் நன்றாகத் தூங்கினேன். போகப் போக அதே முழிப்பு திரும்பி வந்தது, அளவு 0.5 ஆனது. இந்த வகை மாத்திரைகள் குறுகிய காலத்துக்கானவை. உடம்பு பழகிப்போனால் பலன் குறையும், ஆனால் நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் தூக்கம் கெடும். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். வயதானவர்கள் இதைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து கீழே விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வதும் நடக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது என்று சட்டம் இருப்பது அதனால்தான்.

சென்னையில் இருக்கும் என் நாத்தனார்தான், தூக்கத்துக்கு மாத்திரை இல்லாத சிகிச்சை ஒன்று இருக்கிறது, போய்க் கேளுங்கள் அண்ணி என்று விடாமல் சொன்னாள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக் குணப்படுத்தும் அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையில் (சுருக்கமாக சிபிடி) தூக்கமின்மைக்கென்றே அமைத்த ஒரு முறை அது; சிபிடி-ஐ என்பார்கள். 2016-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற அமைப்பு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நம் ஊர்களில் மாத்திரை தெரிந்த அளவுக்கு இது தெரியவில்லை. நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். முதல் நாள் முழுக்கக் கேள்விகள்தான். குறட்டை விடுகிறேனா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறேனா என்பதை என்னிடம் கேட்காமல் என் கணவரிடம் கேட்டார். சாயங்காலத்தில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுமா, உடம்பு திடீரென்று சூடாகி வியர்க்குமா, மனசு கனத்துப்போய் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். தைராய்டு, சர்க்கரை, ரத்தத்தில் இரும்புச் சத்து எல்லாம் பார்க்கச் சொன்னார். இது அவசியமான படி. மூச்சடைப்பாலோ இரும்புச் சத்துக் குறைவாலோ தூக்கம் கெட்டிருந்தால் அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். எனக்கு எல்லாம் சரியாக இருந்ததும், அங்கேயே இருந்த உளவியலாளரிடம் அனுப்பினார்.

அந்தம்மா முதலில் விளக்கிய விஷயம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் சொன்னது அது. தூக்கமின்மைக்கு மூன்று அடுக்குக் காரணங்கள் உண்டு. ஒருவருடைய இயல்பிலேயே இருப்பது ஒன்று, அதைத் தூண்டிவிடும் சம்பவம் ஒன்று, பிறகு அதைத் தொடர வைப்பது ஒன்று. எனக்குத் தூண்டியது மாமாவின் நோய். அது முடிந்துவிட்டது. தொடர வைத்துக்கொண்டிருந்தது, தூக்கம் போதவில்லையே என்று நான் ஒன்பதரைக்கே படுத்து, காலை ஆறு வரை படுக்கையை விடாமல் இருந்தது. இது யாருக்கும் இயல்பாக வருவதுதான். களைத்தவர்கள் சீக்கிரம் படுக்கத்தான் பார்ப்பார்கள். ஆனால் ஐந்து மணி நேரத் தூக்கத்தை எட்டரை மணி நேரத்தில் பரப்பினால் அது மாவை இழுத்துத் தேய்த்த தோசைபோல நடுவில் கிழியத்தான் செய்யும். கிழிந்த இடத்தில் விழித்துப் புரண்டு தவிக்கத் தவிக்க, படுக்கை என்றாலே தவிப்பதற்கான இடம் என்று மூளை கற்றுக்கொண்டுவிடுகிறது. ஹாலில் டிவி முன்னால் கண் சொக்கும், கட்டிலில் போய்ப் படுத்த நிமிடத்தில் தெளிந்துவிடும். ஏன் இப்படி என்று அதுவரை எனக்குப் புரிந்ததில்லை.

இரண்டு வாரம் தூக்க டைரி எழுதச் சொன்னார். எப்போது படுத்தேன், எப்போது தூங்கியிருப்பேன், எத்தனை முறை முழித்தேன், எப்போது எழுந்தேன் என்று காலையில் குத்துமதிப்பாக எழுதினால் போதும். ராத்திரி கடிகாரம் பார்த்துக் குறிக்கவே கூடாது. கூட்டிக் கழித்ததில் படுக்கையில் இருந்த நேரத்தில் அறுபது சதவீதம்கூட நான் தூங்கவில்லை. அது எண்பத்தைந்துக்கு மேல் வர வேண்டும் என்பதுதான் இலக்கு.

அதற்கு அவர் சொன்ன வழியைக் கேட்டு என் கணவர் திகைத்துப் போனார். ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் படுக்க வேண்டும், காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், பகல் தூக்கம் கிடையாது. தூங்க முடியாமல் தவிக்கிறவளை இன்னும் தூங்காதே என்கிறாரே என்றார் இவர். அந்தம்மா பொறுமையாக விளக்கினார். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத் தூக்கத்தின் அழுத்தம் கூடும். சீக்கிரம் படுத்தால் அந்த அழுத்தம் போதாமல் நடுவிலேயே தீர்ந்துவிடும். காபியில் இருக்கும் கஃபீன் அந்த அடினோசின் வேலை செய்யும் இடத்தைப் போய் அடைத்துக்கொள்கிறது. குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் ஆறு மணிக் காபியையும் நிறுத்தச் சொன்னார். டிகிரி காபி ஊரில் பிறந்தவளுக்கு அது வருத்தம்தான். ஆனாலும் காபியை விட்டதைவிட நேரத்தைச் சுருக்கியதுதான் எனக்குப் பெரிய பலன் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

இந்தச் சுருக்கும் முறை எல்லாருக்கும் ஆகாது. வலிப்பு நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும், வண்டி ஓட்டுவதும் உயரத்தில் நின்று வேலை செய்வதும் பிழைப்பாக உள்ளவர்களுக்கும் இது ஆபத்தாகலாம். நானே அந்த வாரங்களில் ஸ்கூட்டியைத் தொடவில்லை, டவுன் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போனேன். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே சுருக்கவும் கூடாது. அதனால்தான் தானாகச் செய்து பார்க்காமல் ஒருவரிடம் கேட்டுச் செய்யுங்கள் என்கிறேன்.

ஆரம்ப நாட்கள் கொடுமையாக இருந்தன. ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் விழித்திருப்பதுதான் மலை. வீடே அடங்கிவிடும். உட்கார்ந்தால் கண் சொருகும். நின்றுகொண்டே துணி தேய்த்தேன், சின்ன வெங்காயம் உரித்து வைத்தேன், மொட்டை மாடியில் நடந்தேன். இவர் எனக்காகவே விழித்திருந்து, நான் நாற்காலியில் சாய்ந்தால், “இன்னும் அரை மணி நேரம்தான், எழுந்திரு” என்று எழுப்பிவிடுவார். மதியம் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில் தலை கிறுகிறுக்கும். இதை விட்டுவிடலாமா என்று ஒவ்வொரு நாளும் தோன்றியது. ஆனால் ஒன்று மட்டும் மாறியது: பன்னிரண்டுக்குத் தலையணையில் தலை வைத்தால் தூக்கம் உடனே வந்தது. இத்தனை வருஷத்தில் படுக்கையில் நான் தூக்கத்துக்காகக் காத்திருக்காதது அப்போதுதான். அதற்கும் கொஞ்ச நாள் கழித்து இரண்டரையைத் தாண்டித் தூங்க ஆரம்பித்தேன்.

கூடவே இன்னொரு விதியும் உண்டு. ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-இல் முன்வைத்தது. படுக்கை தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும்தான். இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும், கண் சொக்கும்போதுதான் திரும்ப வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை. ஹாலில் மகள் படுத்திருப்பாள். வேறு அறைக்கு எங்கே போவது? இதை அந்தம்மாவிடம் நேராகவே கேட்டேன். அறை முக்கியமில்லை, படுக்கையை விட்டு எழுவதுதான் முக்கியம் என்றார். சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சின்ன மஞ்சள் விளக்கு, ஒரு பழைய நோட்டு என்று வைத்துக்கொண்டேன். புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பார்ப்பேன். போன் கிடையாது. ஒரே அறையில் குடும்பமே படுக்கும் வீடுகளில், பாயில் எழுந்து சுவரோரம் உட்கார்ந்தாலே போதும். பாயில் படுப்பவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு: காலையில் சுருட்டி வைத்துவிட்டால் பகலில் சாய்ந்துகொள்ளப் படுக்கையே கண்ணில் படாது. கட்டில் இருக்கும் வீட்டில்தான் பள்ளியிலிருந்து வந்ததும் பொத்தென்று விழத் தோன்றும்.

நடு ராத்திரி முழிப்பைப் பற்றியும் என் எண்ணம் மாறியது. தூக்கம் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஒரு சுற்று முடியும்போது லேசாக விழிப்பதும், புரண்டு படுத்துத் திரும்பத் தூங்குவதும் எல்லாருக்கும் நடப்பவை; காலையில் அவை நினைவில் இருப்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. பத்து மணிக்குத் தூங்கினால் இரண்டரைக்கு மேல் வருவது பெரும்பாலும் லேசான தூக்கமும் கனவு காணும் தூக்கமும்தான். ஆகவே முழிப்பு வருவது நோயில்லை. முழித்ததும் கடிகாரத்தைப் பார்த்து, இப்போது தூங்கினாலும் மூன்று மணி நேரம்தான், நாளைக்கு வகுப்பு எப்படி எடுப்பேன் என்று கணக்குப் போடுகிறோமே, அதில்தான் நெஞ்சு படபடத்து முழுசாக விழித்துவிடுகிறோம். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அலாரம் எழுப்பும், அதுவரை மணி எனக்கு வேண்டாம்.

மனசில் ஓடுகிற கவலைகளுக்குச் சாயங்காலம் கால் மணி நேரம் ஒதுக்கச் சொன்னார். மகளின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் கண் ஆபரேஷன் என்று ஒவ்வொன்றையும் எழுதி, நாளைக்கு அதற்கு என்ன செய்வேன் என்பதையும் பக்கத்தில் எழுதுவேன். மாமாவைப் பற்றியும் எழுதினேன். கடைசி ராத்திரி நான் திருப்பிப் படுக்க வைத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எழுதி, அழுது, அந்தம்மாவிடம் சொன்ன பிறகு ராத்திரிகள் கொஞ்சம் லேசாயின.

எண்பத்தைந்து சதவீதத்தைத் தொட்டபின் வாரத்துக்குக் கால் மணி நேரமாகப் படுக்கும் நேரத்தை முன்னால் நகர்த்தினோம். இப்போது பத்தரைக்குப் படுக்கிறேன், ஐந்தரைக்கு எழுகிறேன். மாத்திரையை மருத்துவர் சில மாதங்களாகச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்; ஒவ்வொரு குறைப்பிலும் சில ராத்திரி கெடும், பிறகு சரியாகும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தூக்கம் மறுபடி கெட்டது. அப்போதும் எழும் நேரத்தை மாற்றவில்லை, ஈடுகட்டச் சீக்கிரம் படுக்கவும் இல்லை. அவள் வீடு திரும்பிய பின் தூக்கமும் திரும்பியது.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். அந்த நாட்களில் தூக்கம் போவதைத் தடுக்க முடியாது. எல்லாம் முடிந்து சில மாதம் ஆன பிறகும் அதே நேரத்துக்கு முழிப்பு வந்துகொண்டிருந்தால், வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசி, எங்கே போகலாம் என்று கேட்கலாம். போகும்போது இரண்டு வாரத் தூக்க டைரியையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், பக்கத்தில் படுக்கும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தூக்கத்துக்கான சிபிடி இங்கே கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், கொடுக்கும் இடத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.