டிஸ்க் மேல் பழி, கோளாறு கார்டில்: எச்பிஏ ஃபர்ம்வேர் மாற்றிய அனுபவம்

ஒருவழியாக சர்வர் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் எச்பிஏ கார்டை விற்றவர்களின் உதவிப் பிரிவு மேல் இருக்கும் கோபம் இன்னும் தணியவில்லை. எழுதும் வேலை அதிகமானால் பல டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் ரீசெட் ஆகின்றன என்று கர்னல் லாக்கோடு அனுப்பினேன். லாக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் "டிஸ்க்கை மாற்றுங்கள்" என்று பதில். மாற்றியும் ஆயிற்று, புது டிஸ்க்கிலும் அதே கோளாறு. ஒரே டிஸ்க் தகராறு செய்தால் அதையோ அதன் கேபிளையோ சந்தேகப்படலாம். ஒரு கார்டில் மாட்டிய எல்லாமே சேர்ந்து விழுந்தால் முதலில் கார்டைப் பாருங்கள்.

லாக்கில் எம்பிடி2எஸ்ஏஎஸ் (mpt2sas, கார்டின் டிரைவர்) என்று தேடினால் ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளின் பதிப்பு தெரியும். என்னுடையது எஸ்ஏஎஸ்2008 சிப், 20.00.00.00, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டுக்கான ஐஆர் வகை. எனக்கு வேண்டியது 20.00.07.00, டிஸ்க்குகளைத் தனித்தனியாக அப்படியே காட்டும் ஐடி வகை.

ஃபர்ம்வேர் எழுதும் கருவியான எஸ்ஏஎஸ்2ஃப்ளாஷை லினக்ஸிலேயே ஓட்டினேன். ஐஆர் மேல் ஐடி எழுத முடியாது என்று மறுத்தது. சரி, டாஸில் பூட் ஆகும் யுஎஸ்பியில் முயன்றேன். யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது) போர்டில் 'பிஏஎல் தொடங்கவில்லை' என்று நின்றுவிட்டது. அப்புறம் அதே கருவியின் இஎஃப்ஐ பதிப்பு. போர்டில் இருந்த இஎஃப்ஐ ஷெல் 2 (கட்டளைகளை ஓட்டும் இடம்) அதை ஏற்கவில்லை. ஷெல் 1-ஐ யுஎஸ்பியில் போட்ட பிறகுதான் கார்டு கண்ணுக்குத் தெரிந்தது. ஷெல் 1 வேண்டும் என்பதை உதவிப் பிரிவு ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்!

பழைய ஃபர்ம்வேரை அழிக்கும் முன் இரண்டு விஷயம். கார்டின் எஸ்ஏஎஸ் முகவரியை (அதை அடையாளம் காட்டும் தனி எண்) குறித்து வையுங்கள். முழுதாக அழித்தால் அதுவும் போய்விடும். கார்டின் ஸ்டிக்கரிலும் இருக்கும், ஆனால் அதைப் பார்க்க கேபினட்டைப் பிரிக்க வேண்டும். இரண்டாவது, அழித்துவிட்டுப் புதியதை எழுதி முடிக்கும் வரை ரீபூட் செய்யவே கூடாது. டிஸ்க்குகளையும் கழற்றி வைத்துவிடுங்கள். அந்தக் கார்டிலிருந்து பூட் செய்யாதவர்களுக்கு பூட் ரோம் (சர்வர் எழும்போது கார்டிலிருந்து ஓடும் சிறு நிரல்) தேவையில்லை. அதை விட்டுவிட்டதில் சர்வர் சீக்கிரமே எழுகிறது.

எழுதும் வேலை சட்டென்று முடிந்தது. முகவரியைத் திரும்பப் போட்டேன், லாக்கில் 20.00.07.00 வந்தது. பெரிய கோப்புகளை இரவு முழுக்க எழுதவிட்டும் ஒரு ரீசெட்கூட இல்லை.

டிஸ்க் தன் நிலையைப் பதிவு செய்யும் ஸ்மார்ட் பட்டியலில் 199 என்ற எண்ணுள்ள வரியில் இருக்கும் சிஆர்சி பிழை (வழியில் தகவல் பழுதானது) எண்ணிக்கை பழையபடியே நிற்கும், குறையாது. அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். இன்றைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.